அறுபது ராத்தல் மூட்டை

என் வகுப்பு நண்பன் ஒருவன் வரும் விடுமுறையில் கென்யா போகிறான். அவன் மாமா நைரோபியில் வேலை பார்க்கிறார். "நீதான் சரித்திரம் சரித்திரம்னு அலையுறியே, சஃபாரிக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுடா" என்றான். அவனுக்கு வேண்டியது பத்து வரி. எனக்குக் கிடைத்ததோ நூற்றைம்பது வருடக் கதை. அதனால் நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான கட்டுரை. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சஃபாரி போகிறவர்களுக்கான பட்டியல் எங்கே தேடினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். காக்கிச் சட்டை, அகலமான தொப்பி, காலுக்குப் பழகிய பூட்ஸ், பைனாகுலர், மலேரியா மாத்திரை, மடங்கக்கூடிய துணிப்பை. ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பாதிச் சாமான் நம் தேசத்திலிருந்து போனது. இரண்டு, பழைய பட்டியல்களில் முதலில் எழுதவேண்டிய ஒன்று இன்றைய பட்டியலில் இல்லவே இல்லை. அது மூட்டையைத் தூக்கிய மனிதன்.

முதலில் வார்த்தை. சஃபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பயணம். அவ்வளவுதான். சிங்கமும் இல்லை, ஜீப்பும் இல்லை. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் பஸ்ஸில் போனாலும் அது சஃபாரிதான். மூலம் அரபியில் உள்ள 'சஃபர்'. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டில் உருது பேசும்போது தினமும் புழங்கும் வார்த்தை இது. அரபு வணிகர்களோடு கப்பலேறி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய அதே சொல், இன்னொரு பக்கம் பாரசீகம் வழியாக நம் பாலாற்றங்கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஃபாரி என்றால் வேட்டை இல்லை, வியாபாரம். சான்சிபார் தீவுக்கு எதிர்க்கரையில் பகமோயோ என்று ஓர் ஊர். அங்கிருந்து நூற்றுக்கணக்கான ஆட்கள் வரிசையாக உள்நாட்டுக்கு நடந்து போவார்கள், மாதக்கணக்கில். திரும்பும்போது யானைத் தந்தம் வரும். வழியில் மாட்டுவண்டி கூடப் போக முடியாது. சாலை இல்லாதது மட்டும் காரணமில்லை. செட்சி என்கிற ஈ கடித்தால் மாடும் குதிரையும் நோய் கண்டு செத்துவிடும். ஆகவே எல்லாமே மனிதத் தலையில்தான். இந்த வேலையில் பேர்போனவர்கள் இன்றைய தான்சானியாவின் நடுப்பகுதியைச் சேர்ந்த நியாம்வேசி மக்கள்.

அன்றைக்கு என்ன கட்டிக்கொண்டு போனார்கள்? பெரும்பகுதி பணம்தான், ஆனால் நாணயமாக இல்லை. உள்நாட்டில் நாணயம் செல்லாது. துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி இவைதான் காசு. 1871இல் லிவிங்ஸ்டனைத் தேடிக் கிளம்பிய ஸ்டான்லி, ஆறு டன் அளவுக்குச் சாமான்களோடு ஏறக்குறைய 190 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அதில் முக்கியமான சரக்கு இரண்டு துணிகள். ஒன்று 'மெரிகானி', அதாவது அமெரிக்கத் துணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கம் நெய்து, சேலம் துறைமுக வணிகர்கள் கொண்டுவந்து இறக்கியது (நம்ம சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது). இன்னொன்று 'கனிகி' என்ற நீலத் துணி, இந்தியாவிலிருந்து போனது. பிற்பாடு பம்பாய் மில்களே மெரிகானியைப் போல நெய்து அனுப்ப ஆரம்பித்து, அமெரிக்கத் துணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

துணி மட்டுமில்லை, கடனும் இந்தியர் கையில்தான். சான்சிபாரின் கட்ச் வணிகர் தரியா தோபன் ஸ்டான்லிக்குப் பண ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். பகமோயோவில் சேவா ஹாஜி என்பவர் பயணக் குழுக்களுக்கு வேண்டிய சரக்கையும் சுமைக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்தார். இன்றைக்கு 'டூர் பேக்கேஜ்' என்று சொல்கிறோமே, அதன் தாத்தா இவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். ஓர் ஆளுக்கு ஒரு சுமை. சுமை என்றால் 60 ராத்தல், அதாவது 27 கிலோ. (ராத்தல் தெரியாதவர்கள் தாத்தாவிடம் கேளுங்கள், பவுண்டு எடைக்கு நம் பழைய பெயர்.) கடையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வாங்குகிறோம் இல்லையா? அதைத் தலையில் வைத்து, அதற்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர், தன் பாய், தன் சட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல் நடந்து பாருங்கள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

மூட்டை கட்டும் கலை முழுவதும் இந்த 60 ராத்தலைச் சுற்றியே வளர்ந்தது. கூடாரம் அதற்கேற்ப இரண்டாக மூன்றாகப் பிரியும்படி தைக்கப்பட்டது. சாப்பாட்டுச் சாமான் பெட்டி ஒவ்வொன்றும் எண் போட்டு, உள்ளே இருப்பதும் பெட்டியும் சேர்ந்து 60 ராத்தல் வரும்படி நிறுத்துக் கட்டினார்கள். ஒரு துரைக்கு எது அவசியம், எது ஆடம்பரம் என்பதைத் தராசு முடிவு செய்யவில்லை. ஆள் கிடைத்தால் எதுவும் அவசியம்தான். கித்தானில் செய்த குளியல் தொட்டி கூட ஆப்பிரிக்கக் காட்டுக்குள் தலைச்சுமையாகப் போயிருக்கிறது.

இந்தச் சுமைகளிலேயே விசித்திரமானது எது தெரியுமா? 1873இல் லிவிங்ஸ்டன் இன்றைய சாம்பியாவில் இறந்தார். அவருடன் இருந்த ஆப்பிரிக்க ஆட்கள் உடலை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றி, சுமார் 1,500 கிலோமீட்டர் சுமந்து பகமோயோ கரையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களில் ஜேக்கப் வெயின்ரைட் என்பவர் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டு நம் நாசிக்கில் படித்தவர். பிணத்தை ஊருக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பதால் சாதாரணத் துணிச் சுமை மாதிரி தெரியும்படி கட்டினார்களாம். லிவிங்ஸ்டனின் கல்லறை லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இருக்கிறது. சுமந்தவர்கள் எத்தனை பேருக்குக் கல்லறை இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

பிறகு ரயில் வந்தது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை உகாண்டா ரயில்வே போடப்பட்டது. வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்தில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளிகளைத் தின்ற கதையை வைத்துப் படமே எடுத்துவிட்டார்கள். ஆனால் சிங்கத்தால் செத்தவர்கள் சொற்பம், காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் செத்தவர்களே அதிகம். அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

காட்பாடிக்காரர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: அந்தப் பாதை மீட்டர் கேஜ். நம் காட்பாடி–விழுப்புரம் பாதை அகலப்பாதையாக மாறும்வரை இருந்ததே, அதே அகலம். இந்தியாவில் ஓடிய எஞ்சின்களையே கொண்டுபோய் ஓட்டலாம் என்பது ஒரு காரணம். அப்படியே ஓட்டவும் செய்தார்கள். நாணயமும் நம்முடையதுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1920 வரை ரூபாய் புழங்கியது. ரயில் போன வழியெல்லாம் கட்ச் வணிகர் அலிதீனா விஸ்ராம் வரிசையாகக் கடை திறந்தார். ஆக 1905 வாக்கில் ஒரு துரை நைரோபியில் இறங்கினால் ரூபாயில் சுமைக்காரனுக்குக் கூலி கொடுத்து, இந்தியர் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு சஃபாரி கிளம்பலாம்.

உடுப்பைப் பாருங்கள். காக்கி என்றால் உருதுவில் புழுதி நிறம். 1840களின் இறுதியில் பெஷாவரில் ஆங்கிலேயப் படையின் ஒரு பிரிவுக்கு அந்த நிறத்தில் சாயம் போட்டு உடை கொடுத்தார்கள், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. முழங்காலுக்குக் கீழே சுற்றும் துணிப்பட்டைக்கு ஆங்கிலத்தில் 'பட்டீ', அது இந்தியில் உள்ள பட்டி. தலையில் போடும் சோலா தொப்பி நெட்டியால் ஆனது. நம் தஞ்சாவூரில் கோயில் கோபுரம், நந்தி என்று வெள்ளையாகச் செதுக்கி விற்கிறார்களே, அதே வகை நெட்டிதான். அக்காலத்து வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பயம் இருந்தது. வெப்பமண்டல வெயில் தலையோடு நிற்காது, முதுகுத்தண்டுக்குள்ளும் நுழைந்து மூளையைக் கெடுத்துவிடும் என்று நம்பினார்கள். அதற்காக முதுகில் தடித்த துணிப்பட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, அந்த உச்சிவெயிலில் இன்னும் அதிகமாக வியர்த்துக்கொண்டு நடந்தார்கள். மூட்டை தூக்கியவர்களின் முதுகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மருந்துப்பெட்டியில் கட்டாயம் இருந்தது கொய்னா. அதன் மூலப்பொருளான சிங்கோனா மரத்தை 1860 முதல் நம் நீலகிரியில் ஆங்கில அரசு பயிரிட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலையே வைத்திருந்தது.

சஃபாரி என்றதும் உலகம் முழுக்க மனதில் வரும் படத்தை உண்டாக்கியவர் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். 1909 ஏப்ரலில் மகன் கெர்மிட்டோடு மொம்பாசாவில் இறங்கினார். சுமைக்காரர்கள் மட்டும் சுமார் 250 பேர். அவர் மூட்டையில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின.

ஒன்று புத்தகங்கள். ஐம்பது அறுபது புத்தகங்களை, வியர்வையிலும் துப்பாக்கி எண்ணெயிலும் புழுதியிலும் கெடாமல் இருக்கப் பன்றித் தோலில் கட்டடம் செய்து, அலுமினியப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனார். மொத்த எடை ஒரு சுமை, ஓர் ஆள் தூக்கும் அளவு. புத்தகப் பிரியன் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெட்டியைப் பத்து மாதம் தூக்கியவருக்கு அதில் ஓர் எழுத்தாவது படிக்கத் தெரிந்திருக்குமா என்ற எண்ணமும் கூடவே வந்தது.

இன்னொன்று உப்பு. நான்கு டன் உப்பு! எதற்கு என்று மற்ற ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. உரித்த தோலை உடனே உப்பில் போடாவிட்டால் அழுகிவிடும். தோல் மண்டிக்கு வரும் பச்சைத்தோல் எல்லாம் உப்போடுதான் வருகிறது, அதைக் கழுவி விடும் தண்ணீர்தான் பாலாற்றை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான கதை. ரூஸ்வெல்ட்டும் கெர்மிட்டும் மட்டும் 512 விலங்குகளைச் சுட்டார்கள். அருங்காட்சியகத்துக்காக என்றார்கள். நான்கு டன் உப்பைத் தலைச்சுமைக் கணக்கில் போட்டால் 130 ஆள் சுமைக்கு மேல் வரும். அதனால்தான் முடிந்த இடத்தில் மாட்டுவண்டியையும் வைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சுமைக்காரருக்கு நாள் ஒன்றுக்குப் படி ஒன்றரை ராத்தல் மாவு, 'போஷோ' என்பார்கள். 250 பேருக்கு ஒரு நாளைக்கு 375 ராத்தல், அதாவது ஆறு ஆள் சுமைக்கு மேல். வழியில் மாவு கிடைக்காத பத்து நாள் பயணம் என்றால் 62 பேர் மற்றவர்களின் மாவை மட்டுமே தூக்க வேண்டும். கால்வாசிப் பேர்! அவர்களும் சாப்பிட வேண்டும். கூட்டம் பெருகப் பெருக மூட்டையும் பெருகும். மாவு தீர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கு பெரிய அளவில் தப்பியது முதல் உலகப் போரில். 1914 நவம்பரில் ஜெர்மன் வசம் இருந்த டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஒரு படை போனது. அதில் சென்னை ராஜதானியின் 61ஆவது பயனியர்ஸ், 63ஆவது பாளையங்கோட்டைப் படைப்பிரிவும் இருந்தன. வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து சோர்ந்தவர்களை நேரே போருக்கு இறக்கினார்கள். நடுவில் காட்டுத் தேனீக்கள் வேறு கலைந்து கொட்டின. தோற்றுத் திரும்பும்போது நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளையும் பல லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள், ஜெர்மானியர் அவற்றை வைத்தே பல மாதம் சண்டை போட்டார்கள். நம்மவர் பலருக்கு முதல் ஆப்பிரிக்கப் பயணம் இப்படி அமைந்தது. (அதற்கும் முன்னால் 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் போக ஆரம்பித்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அப்படிப் போனவர்களில் நம் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

அந்தப் போரிலும் செட்சி ஈ இருந்ததால் மறுபடி மனிதத் தலைதான். ஆங்கிலத் தரப்பு மட்டும் நான்கு ஆண்டுகளில் பத்து லட்சம் ஆப்பிரிக்கர்களைச் சுமை தூக்க வைத்தது. ஏறக்குறைய 95,000 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. குண்டு பட்டு இல்லை, பெரும்பாலும் சீதபேதி, நிமோனியா, அரைப்பட்டினி. அந்தச் சுமைப் படைக்கு ஆங்கிலத்தில் 'கேரியர் கோர்'. நைரோபியில் இன்று கரியகோர் என்று ஒரு பகுதி, தார் எஸ் சலாமில் கரியகூ என்று பெரிய சந்தை. இரண்டும் அந்தப் பெயரின் மிச்சம். நண்பா, உன் மாமா வீட்டிலிருந்து கரியகோர் சந்தைக்குப் போனால் இதை நினைத்துக்கொள்.

நம் ஊருக்கும் அந்தக் கண்டத்துக்கும் இன்னொரு மூட்டைத் தொடர்பும் உண்டு. இங்கே தோல் பதனிட முதலில் ஆவாரம்பட்டைதான். அந்தத் தோல்தான் முதல் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பல் கப்பலாக வந்தது. 1946இல் இனப் பாகுபாட்டைக் கண்டித்து இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியபின், கிழக்கு ஆப்பிரிக்க வாட்டில் கைகொடுத்தது. பூட்ஸ் அங்கே போக, பட்டை இங்கே வந்திருக்கிறது.

சரி, நண்பனின் லிஸ்ட்டுக்கு வருவோம், இல்லாவிட்டால் அடிப்பான். கென்யாவில் 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். துப்பாக்கியும் உப்பும் போய் கேமராவும் பேட்டரியும் வந்துவிட்டன. முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் ஆனபின்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் தனிமையில் வைத்துவிடுவார்கள். கொய்னாவுக்குப் பதில் இப்போது வேறு மாத்திரைகள், போகும் முன்பே தொடங்க வேண்டும், எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் இணையத்தில் முன் அனுமதி.

துணியில் காக்கி, பழுப்பு சரி. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், அந்தப் பழைய செட்சி ஈ இன்றும் அந்த நிறங்களைத் தேடித்தான் வரும் (அதைப் பிடிக்கிற பொறியையே நீலத்திலும் கறுப்பிலும்தான் தைக்கிறார்கள்). மிலிட்டரிப் புள்ளி போட்ட உடை சில ஆப்பிரிக்க நாடுகளில் சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் கவரில் எதையும் கட்டாதே, கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள். ஆப்பிரிக்காவில் குளிரா என்று சிரிக்காதே, நைரோபி 5,000 அடிக்கு மேல், நம் ஏலகிரியைவிட உயரம். பூட்ஸ் ஆம்பூரில் வாங்கு, ஆனால் ஒரு மாதம் முன்பே வாங்கி காட்பாடி வெயிலில் நடந்து பழகு. புது பூட்ஸோடு காட்டுக்குப் போனவன் சிங்கத்தைப் பார்ப்பதில்லை, தன் கொப்புளத்தைத்தான் பார்ப்பான்.

பை மட்டும் மெத்தென்ற துணிப்பையாக இருக்கட்டும். நைரோபியிலிருந்து மாசாய் மாராவுக்குச் சின்ன விமானத்தில் போனால் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் வயிற்றில் நுழையாது, பெட்டியின் பெயரே சஃபாரி என்றாலும். நூறு வருடம் முன்பு ஒரு சுமைக்காரர் தூக்கியதில் பாதியைவிடச் சற்றே அதிகம் உனக்கு அனுமதி.

மாமாவோடு கிளிமஞ்சாரோ ஏறப் போவதாகவும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அப்படியானால் இதையும் படித்துக்கொள். மலை ஏறும்போது உன் மூட்டையை இன்றைக்கும் ஒரு மனிதர்தான் தலையிலோ தோளிலோ சுமந்து வருவார். பூங்கா விதிப்படி அவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அதில் உன் பங்கு பொதுவாக 15 கிலோ. மலையடிவார வாசலில் தராசு இருக்கிறது. உன் பையை நிறுக்கும்போது பக்கத்தில் நின்று பார். எடை கூடினால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடாமல் நீயே எதையாவது எடுத்துப் போடு. அவர் காலில் என்ன செருப்பு இருக்கிறது, இரவில் போர்த்திக்கொள்ள என்ன வைத்திருக்கிறார் என்றும் கேள். உச்சிக்குப் பக்கத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். பழைய ஸ்வெட்டர் இரண்டு கூடுதலாக எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வா, திரும்பும்போது பையும் லேசாகும்.